ஆறாம் மாடிக்கு ஒரு நல்ல வார்த்தை

எங்கள் ஆஸ்பத்திரி லிப்ட்காரருக்கு வாய் சும்மா இருக்காது. எந்த மாடி கேட்டாலும், "நல்ல மாடிங்க! அங்கே போனவங்க நடந்தே வீட்டுக்குப் போவாங்க" என்பார். ஆறாம் மாடி புற்றுநோய்ப் பிரிவு. அங்கே போகிறவர்களிடமும் அதே பாட்டுதான். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்ணே, வாய் கூசாம புளுகுறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மேலே போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகுது. அந்த ஒரு நிமிஷமாவது நிம்மதியா இருக்கட்டுமேப்பா."

போன திங்கட்கிழமை நான் தள்ளிக்கொண்டு வந்தது அவருடைய மனைவியை. ஆறாம் எண்ணை அழுத்தினார். நாலாம் மாடி தாண்டும் வரை மாறுகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல மாடிம்மா..." என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டயுமா? அங்கே போனவங்கள்ல யார் யார் திரும்பலைன்னு, தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் என்கிட்டதானே சொல்லி அழுவீங்க?"

கதவு திறந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நல்ல மாடிதாம்மா" என்று நான் புளுகினேன்.

நம்புகிறவரைப் போல அந்த அம்மா தலையாட்டினார்.