சிறந்த ஆண் குரலுக்கு ஒரு வேட்டி

கல்யாணத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு ஒரு வேட்டி. சரிகைக் கரை போட்டது, கூடவே ஒரு துண்டு. பொம்பளைப் பிள்ளைக்கு வேட்டி பரிசா என்று சிரிக்காதவர்கள் அம்பத்தூர் பக்கம் அப்போது கிடையாது. சிரிக்கட்டும். சிரித்தவர்களை எல்லாம் அப்போதே திட்டித் தீர்த்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் பாக்கி இருக்கிறார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீடு, அதில் நானும் நைனாவும் மட்டும். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். நைனாவைப் பெற்றவர்கள் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். தொழிற்பேட்டை வந்ததும் நைனா சேற்றை விட்டு உலைக்கு மாறினார், வார்ப்படப் பட்டறையில் இரும்பு உருக்குகிற வேலை. நானும் அதே பேட்டையில் ரேடியோவுக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் சேர்ந்தேன். சுற்றிக்கொண்டே பாடுவேன். மேஸ்திரி அதட்டினால் இன்னும் சத்தமாகப் பாடுவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது.

அப்படிப் பாடியதைக் கேட்டுத்தான் எங்கள் பக்கத்து லைட் மியூசிக் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்தார்களே தவிர, என் குரலை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்னுடையது கட்டைக் குரல். பொம்பளைப் பாட்டு என்றால் அஞ்சு கட்டை சுருதி, ஆம்பளைப் பாட்டு என்றால் ஒண்ணு, ரெண்டு என்பது ஆர்மோனியக்காரர்கள் கணக்கு. என்னை அஞ்சு கட்டைக்கு ஏற்றிவிடுவார்கள். மேல் ஸ்தாயியில் போய் என் தொண்டை கிறீச்சென்று கிழியும். முன் வரிசையில் எவனாவது "அய்யே" என்பான். ஒருமுறை அப்படிச் சொன்னவன் மேல் மேடையிலிருந்தே செருப்பை எறிந்தேன். சரியாகத்தான் பட்டது.

இதில் போட்டிக்கு நிற்க ஆசை வேறு. எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் காணும் பொங்கலன்று ஒரு பரிசளிப்பு நடக்கும். பட்டணத்து ஜனம் பீச்சுக்குப் போகும், எங்கள் ஜனம் இதற்குத்தான் வரும். நடத்துவது மைக் செட் கடைக்காரர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று ஊர்க் கடைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். கல்யாணத்து நாயனம், பேண்டு செட், மார்கழி பஜனை, தெருக்கூத்து, சாவு வீட்டுக் கானா, லைட் மியூசிக் என்று எதுவானாலும் அவர்கள் மைக் வழியாகத்தானே ஊருக்குக் கேட்டாக வேண்டும்? அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசு வைத்திருந்தார்கள். நாயனக்காரரும் கானா பாடுகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரி பயந்துகொண்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தீர்ப்புச் சொல்லும் முறைதான் விசேஷம். ஒரு வருஷம் இவன் என் ஊர்க்காரன், அவன் உன் ஊர்க்காரன் என்று தகராறாகி நாற்காலி பறந்ததாம். அதிலிருந்து நடுவர்களை மேடைப் பக்கமே விடுவதில்லை. தெருக் கோடியில் இருக்கும் ரைஸ் மில் களத்தில் உட்கார வைத்து, ஒயர் இழுத்து, அவர்கள் தலைக்கு மேல் ஒரு ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். மேடையில் பேர் சொல்ல மாட்டார்கள், நம்பர் மட்டும்தான். காதுக்கு என்ன கேட்கிறதோ அதற்குப் பரிசு. யாரும் போய் நடுவர்கள் காதைக் கடிக்காமல் இருக்கக் களத்தில் ஒரு காவல் ஆள். அவரும் வாயைத் திறக்கக் கூடாது.

லைட் மியூசிக்கில் சிறந்த பெண் குரலுக்கு எவர்சில்வர் குடம், சிறந்த ஆண் குரலுக்குச் சரிகை வேட்டி. அந்தக் குடத்தை வருஷா வருஷம் வாங்கியது ஆவடியில் லேத் ஓட்டும் ஓர் அண்ணன். ஆமாம், அண்ணன்தான். முறுக்கு மீசை, முரட்டு உடம்பு. வாயைத் திறந்தால் பதினாறு வயசுப் பெண். கோஷ்டியில் பாடப் பெண்கள் வராத காலத்தில் அவர்தான் எல்லா ஊருக்கும் கதாநாயகி. காதுக்குப் பெண் குரலாகக் கேட்டால் அது பெண் குரல்தான் என்று கமிட்டி சொல்லிவிட்டது. குழாயடியில் அவர் சம்சாரம் பரிசுக் குடத்தோடுதான் நிற்பாள், அந்தத் தோரணையே தனி.

அந்த வருஷம் தை பிறப்பதற்கு முன்பே குத்தம்பாக்கத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மேடையில் பாடுகிற பெண் வேண்டாம், பாட்டை விட்டால் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் விட மாட்டேன் என்றேன். வீட்டில் பாத்திரம் உருண்டது, உருட்டியது நான்தான். கோஷ்டித் தலைவர் வந்து கெஞ்சிப் பார்த்தார். நைனா எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரே பேச்சாகச் சொன்னார்:

"இந்தத் தபா பரிசு வாங்கினியா, பாடிக்கோ. நான் தடுக்க மாட்டேன். நானா வந்து உன் பாட்டக் கேக்கவும் மாட்டேன். வாங்கல, அத்தோட மேடைய மறந்துடணும். இன்னாமே, சர்தானா?"

சரி என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். அந்த ஆவடி அண்ணன் இருக்கிற வரைக்கும் எனக்குக் குடம் கிடைக்காது. அது எனக்குத் தெரியும், நைனாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். அப்படி ஓர் அழுகை அழுதேன் அன்றைக்கு.

போட்டி நாளில் இன்னொரு இடி. காவலுக்கு நைனாவைப் போட்டிருந்தார்கள். பாட்டே பிடிக்காத மனுஷன்தான், மகளே பாடினாலும் ஒருதலையாகப் பேச மாட்டான் என்று கமிட்டிக்காரர்கள் முடிவு செய்தார்களாம். அவரும் பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் நான் தொண்டைக்கு மிளகு போட்டு மென்றுகொண்டிருந்தேன். ஆவடி அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார். என் பந்தயம் அவருக்கும் எட்டியிருந்தது.

"எந்தக் கட்டைல பாடப் போற?"

"அஞ்சுதான். வேற இன்னா?"

"உன் ஊட்ல பாத்திரம் கழுவிகினு பாடறப்போ எந்தக் கட்டை?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அத எதுக்கு நீ கேக்கற?" என்றேன்.

"கோச்சுக்காத தங்கச்சி. அஞ்சு என் எடம். அங்க வந்து என்னோட மோதி ஏன் தொண்டையக் கிழிச்சுக்கற? கீழ எறங்கிப் பாடு. தோத்தாலும் உன் கொரல்ல தோத்துட்டுப் போ."

சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் ஆர்மோனியக்காரரிடம் ரெண்டு கட்டை வைக்கச் சொன்னார். போட்டியில் நிற்கிறவனுக்கு வழி சொல்லுகிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அவர் இருக்கும் திசைக்கு இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கை என்னவாகும், போனவர் திரும்புவாரா என்கிற மாதிரி ஒரு தத்துவப் பாட்டு. ஆணும் பாடலாம், பெண்ணும் பாடலாம். ரெண்டு கட்டையில் எடுத்தேன். அம்மாடி, எவ்வளவு இடம் இருந்தது அங்கே! பாட்டு போகப் போக எனக்கே அழுகை வந்தது. கிறீச்சே இல்லை. முன் வரிசையில் ஒருத்தனும் "அய்யே" என்று சொல்லவில்லை. கடைசி அடி முடிந்ததும் தோற்றாலும் பரவாயில்லை, இது ஒன்று போதும் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே பரவாயில்லை எல்லாம் கிடையாது, பாடாமல் எப்படி இருப்பேன் என்று பயமும் பிடித்துக்கொண்டது.

இருட்டுகிற நேரத்தில் முடிவு வந்தது. நாயனம், பேண்டு, பஜனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பெண் குரலுக்கு வந்தார்கள். ஆவடி அண்ணன் நம்பர்தான். கைதட்டல். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போதுதான் மைக்கில் சொன்னார்கள், சிறந்த ஆண் குரல் என்று. அடுத்து வந்தது என் நம்பர்.

பந்தலே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ரெண்டு கட்டைச் சுருதியும் அந்தக் குரலும் ஹாரனில் வந்தால் நடுவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆம்பளை என்று எழுதிவிட்டார்கள். வேட்டி தவறிப்போன கோஷ்டிக்காரர்கள் செல்லாது, செல்லாது என்று குதித்தார்கள். ஆவடி அண்ணன்தான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீசையை முறுக்கி, மைக் முன்னால் போய் நின்றார்.

"இன்னாபா செல்லாது? எனக்கு இத்தினி வருசமா கொடம் குடுத்தீங்களே, நான் பொம்பளையா?"

அதோடு எல்லாரும் அடங்கினார்கள். வேட்டி என் கைக்கு வந்தது.

வீட்டுக்குப் போனேன். நைனா களத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வேட்டியை அவர் முன்னால் வைத்து, "பரிசு பரிசுதான். ஆம்பளைப் பரிசு செல்லாதுன்னு சொன்னியோ, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன். அவர் கரையை விரலால் தடவிப் பார்த்தார். "கரை நல்லாத்தான் கீது" என்றார். மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அவ்வளவுதான். குத்தம்பாக்கத்துக்காரர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்த வழியே போனார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

அதற்கப்புறம் நான் மூன்று ஊரிலும் பாடினேன். கட்டைக் குரல் பெண் என்றே கூப்பிட்டார்கள். ஒரு கோயில் கச்சேரியில் பூந்தமல்லி ஆர்மோனிய வாத்தியார் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நடுவராக இருந்தவர். இந்தக் குரல்தானே எங்களை ஏமாற்றியது என்று சிரித்துவிட்டு, காவலுக்கு இருந்தவர் உன் அப்பாவாமே, அப்புறம்தான் தெரிந்தது என்றார்.

"அன்னிக்கு அவர் ஒரே ஒருவாட்டிதாம்மா வாயைத் தொறந்தார். ஒரு ஸ்கூல் பையன் பாடினான். பொம்பளைக் குரல்னு நாங்க எழுதப் போனோம். 'சார், அது சின்னப் பையன் குரல், தப்பா எழுதாதீங்க'ன்னு திருத்தினார். உன் பாட்டு வந்தது. நல்ல ஆம்பளைக் குரல், கனமா இருக்குன்னு நாங்க பேசிக்கறோம். அவரையே திரும்பிப் பார்த்தேன். மனுஷன் அணைஞ்ச பீடியைப் பிடிச்சுக்கிட்டு ஹாரனையே பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு வார்த்தை பேசல."

அப்புறம் அந்தக் கோயில் கச்சேரியில் என்ன பாடினேன் என்றே எனக்கு ஞாபகமில்லை. ஒரு வார்த்தை போதும், என்னைப் பெண் குரல் பக்கம் தள்ளிவிட. ஆவடி அண்ணனிடம் தோற்றிருப்பேன். நைனாவுக்கு வேண்டியதும் அதுதானே? அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

இருந்தும் நான் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார் என்று தெரியும். என் பாட்டைக் கேட்டே என்னைக் கட்டிக்கொள்ள வந்த ஒருத்தரோடு கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தத்தன்று விடிந்ததும்தான் கேட்டேன். நைனா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவையாகக் கட்டுகிறார்.

"நைனா, அன்னிக்கு ஹாரன்ல பாடினது நான்னு உனுக்குத் தெரியாதா?"

"காவலுக்குக் குந்தினவன் வாயத் தொறக்கக் கூடாதுமே. அதான் சட்டம்."

"அந்தப் பையனுக்கு மட்டும் தொறந்தியாமே?"

அவர் குனிந்து சரிகைக் கரையை இழுத்து இழுத்து நேராக்கினார். நேராகத்தான் இருந்தது. மேளக்காரர்கள் இன்னும் வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்ட இன்னொரு தபா பாடு" என்றார்.

ரெண்டு கட்டையிலேயே பாடினேன்.