தொட்டியின் மீது பழி போடாதீர்கள்

காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது என் கைபேசியில் செய்தி வந்தது. “கோமதி போயிட்டாங்க. ஷாக் அடிச்சிருக்கு. அந்த மீன் தொட்டிதான்.” இறந்த செய்தியோடு பழியும் சேர்ந்தே வந்தது. இரங்கல் கூட்டத்தில் மேலாளரும் அதையே சொன்னார்: “வீட்டுக்குள்ள தண்ணியும் கரண்டும் வெச்சு விளையாடலாமா?” கோமதியோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்த நீங்கள் தலையாட்டினீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு மேலே, ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு அவருடையது. வெயில் எட்டாத அந்த அறையின் மூலையில் மீன் தொட்டி. அதற்கு மேலே சரளைக்கல் நிரப்பிய தட்டில் கீரை. மீன் கழிவு கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றும். வேருக்கு வேண்டியது போக, தெளிந்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். வெயிலுக்குப் பதில் எல்இடி விளக்கு. “மீனுக்கு நான் சோறு போடறேன், கீரைக்கு மீன் போடுது” என்பார்.

எதையும் வாங்கும் முன் பல வாரம் காகிதத்தில் வரைந்து பார்த்தார். பழைய தளம் தாங்குமா என்று விசாரித்து, கீழே சுவர் வரும் ஓரமாகத் தொட்டியை வைத்தார். இவ்வளவு பயமா என்று நான் சிரித்தேன். “தண்ணி எத்ர கனம்னு தெரியுமோ? கீழே ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க” என்றார்.

அப்போதுதான் பிளக் பாயின்டுகளையும் சோதித்தார். எர்த் துளைக்குப் பின்னால், கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பியே இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

“அண்ணாச்சி, எர்த் போடணும். செலவு என்னோடது.”

“இத்ர காலம் ஒண்ணும் ஆகலையே மோளே. சுவரை உடைக்கண்டா, வேண்டாம்.”

“ஆனபிறகு வந்து சொல்ல நான் இருக்கமாட்டேன்.”

மின்பலகையிலும் கை வைக்கக்கூடாது என்றுவிட்டார். அதனால் தொட்டிக்குப் போகும் இணைப்புக்கு மட்டும், கசிந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினார் கோமதி. அதற்குப் பிறகும் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

செய்தி கேட்டு நான் ஓடியபோது அவர் சமையலறையில், கிரைண்டர் பக்கத்தில் கிடந்தார். மாவு பாதி அரைபட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கிரைண்டர் சுவிட்சை அணைத்திருந்தார். கிரைண்டரின் உடம்பில் கரண்ட் ஏறியிருந்ததை எலக்ட்ரீஷியன் எல்லோர் முன்னாலும் காட்டினார். அறை மூலையில் தொட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் பழி சொல்லிக் கை நீட்டியது அந்த மீன்களை நோக்கித்தான்.

இப்போது அங்கே ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்குகிறது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. வீடு பார்க்க வந்த தம்பதியைப் படியிலேயே நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். “நிங்களுக்கு இங்கே எந்தா காரியம்?” என்று வீட்டுக்காரர் கத்தினார். அவர்கள் திரும்பிப் போனார்கள்.

மீன்களைக் கோமதியின் அண்ணன் கொண்டுபோனார். நான் வைத்துக்கொண்டது கோமதியின் விடாப்பிடியை. சுவருக்குள் எர்த் கம்பி போகும்வரை அந்தப் படியில் போய் நிற்பேன். என்னோடு வருகிறவர்கள் வரலாம். தலையாட்டியவர்கள் முதலில் வாருங்கள்.