மாமியின் நாற்பத்தோராவது ஆல்பம்

கோமதி மாமி பாடியவை நாற்பத்தோரு ஆல்பங்கள். அவற்றில் நாற்பதில் நான் கை வைத்திருக்கிறேன். கடைசி ஒன்றில் மட்டும் வைக்கவில்லை. போலி என்று ஜனங்கள் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

என் பெயர் தாணு, சவுண்ட் இன்ஜினியர். திருவனந்தபுரத்தில் ஒரே ஸ்டூடியோவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், எந்த மைக் வாங்கலாம், குரலைத் திருத்தும் மென்பொருளில் எந்தப் பிளக்-இன் போடலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன்.

1. அண்ணாச்சியின் பக்குவம்

தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. முதலாளி செல்லப்பன் அண்ணாச்சி நாகர்கோவில்காரர். பக்திப் பாடல்தான் வியாபாரம். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று சீசனுக்குச் சீசன் வெளிவரும். சங்கீதத்தைப் பற்றி அண்ணாச்சிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: போன வருஷம் விற்றது எதுவோ, அதையே இந்த வருஷமும் செய்ய வேண்டும்.

அதனால் எல்லா ஆல்பமும் கோயில் மணியில் ஆரம்பிக்கும். அப்புறம் கீபோர்டில் புல்லாங்குழல் வரும். அதன் அடியில் தபலா லூப் ஓடும். அந்த லூப்பை ஒரு முறைதான் ரெகார்ட் செய்தோம், பதினொரு வருஷம் ஓட்டினோம். வாசித்தவர் நடுவில் காலமாகிவிட்டார். அவர் மட்டும் எங்கள் ஆல்பங்களில் ஓய்வில்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். மெட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். முருகனை இறக்கிவிட்டு அதே இடத்தில் தேவியை ஏற்றுவோம். அசை சரியாக உட்கார்ந்தால் போதும். இதைத்தான் ஜனங்கள் விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

இந்தப் பக்குவத்துக்கு நடுநாயகம் கோமதி மாமியின் குரல். மாமி கரமனை அக்ரஹாரத்தில் இருப்பவர். முறையாகச் சங்கீதம் படித்தவர். கனமான, அகலமான குரல். முதல் நாள் அதைக் கேட்டதும் அண்ணாச்சி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "நல்லாத்தான் பாடுகாங்க. ஆனா வயசான கொரலால்லா இருக்கு. கொஞ்சம் சின்னப்புள்ள கணக்கா ஆக்கிரு, கேட்டியா" என்றார்.

ஆக்கினேன். டேப் காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. இசை டிராக்கின் வேகத்தைக் குறைத்து, சுருதியை அரைக் கட்டை இறக்கி ஹெட்ஃபோனில் கொடுப்போம். மாமி அதற்குப் பாடுவார். பிறகு மெஷினைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் குரல் அரைக் கட்டை ஏறி மெலிந்து இனிப்பாகிவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதே வேலைக்கு ஒரு பட்டன் போதும்.

மாமியிடம் நாங்கள் சொல்லவில்லை. முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, தன் குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். மைக்கில் எல்லார் குரலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். தன் குரலை வெளியிலிருந்து கேட்கும் யாருக்கும் அது அந்நியமாகத்தான் படும். அந்த உண்மைக்குப் பின்னால் நாங்கள் வசதியாக ஒளிந்துகொண்டோம். மாமி நம்பினார். அதன் பிறகு கேட்கவே இல்லை.

2. எட்டுப் பாட்டு

நாற்பதாவது ஆல்பத்துக்குப் பிறகு மாமிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் நரம்பு அடிபட்டு ஆறு மாதம் பேச்சே இல்லை. அந்த ஆறு மாதமும் அண்ணாச்சி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பழைய டேக்குகளை வெட்டி ஒட்டி ஒரு ஐயப்பன் ஆல்பம் தேற்ற முடியுமா என்று என்னிடம் மட்டும் வாராவாரம் கேட்டார்.

குரல் திரும்பியபோது அது வேறொரு குரலாக இருந்தது. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் இரண்டரைக்கு இறங்கியிருந்தார். மேலே போகும்போது கரகரத்தது. சில இடங்களில் காற்று மட்டும் வந்தது. அந்தக் குரலோடு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, மூன்று மாடி ஏறி ஸ்டூடியோவுக்கு வந்தார். பேச்சில்லாத மாதங்களில் அவரே எழுதிய எட்டுப் பாட்டு அதில் இருந்தது. சாமி பாட்டு ஒன்றும் இல்லை. எல்லாம் அவர் வீட்டில் பேசுகிற தமிழ். ரசத்துக்கு உப்பு போதாது என்பதைச் சிலேட்டில் எழுதிக் காட்டியதைப் பற்றி ஒரு பாட்டு. மனைவி பேச்சிழந்ததும், காரணம் இல்லாமல் தானும் பேச்சை நிறுத்திவிட்ட கணவரைப் பற்றி ஒரு பாட்டு. தம்பூரா மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

அண்ணாச்சி உடனே சரி என்றுவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமி படி இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஆசப்படுகாங்க, பாடிட்டுப் போட்டும். பெறவு நீ பழைய கோமதியா ஆக்கிரு. மணி வேணும், குழல் வேணும். ரசத்துப் பாட்டுக்கு ரெண்டு இடத்துல முருகா போட்டா பக்திப் பாட்டாயிரும்."

நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மீது அருவருப்பு வருகிறது.

முதல் பாட்டை மாமி மூன்றே டேக்கில் பாடி முடித்தார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சீராக்கினேன். சுருதியை ஏற்றினேன். கரகரப்பை உருவினேன். காற்று வந்த இடங்களில் பழைய ஆல்பங்களிலிருந்து எழுத்து எழுத்தாக எடுத்து ஒட்டினேன். மேலே ரிவெர்ப் எதிரொலியை ஊற்றினேன். தொழில் என்று பார்த்தால் அது நான் செய்த வேலைகளிலேயே மிக நுட்பமானது. உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மாமி கன்சோல் அருகில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"யாராக்கும் இது பாடறது?"

நான் ஹெட்ஃபோனின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"நன்னா பாடறா. மிச்சம் ஏழையும் இவளையே கூப்ட்டுப் பாட வச்சுக்கோங்கோ."

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவரிடம் குரலும் இல்லை.

3. கரமனையில்

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது ஆல்பத்துக்கு இதையேதான் செய்தேன், அப்போதெல்லாம் இனித்தது இப்போது கசக்கிறதா என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவருக்குத் தெரியாமல் செய்தது எப்படி அவருக்கு இனித்திருக்கும் என்று. மறுநாள் காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போனேன்.

மாமியின் கணவர் கதவைத் திறந்தார். செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரும் கூடவே உட்கார்ந்தார். நான் ஒன்றும் மறைக்கவில்லை. பன்னிரண்டாவது ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து, மாமி பாடியது பாடியபடி முதலில் போட்டேன். பிறகு நாங்கள் விற்றதைப் போட்டேன். நாற்பதும் இப்படித்தான் என்றேன்.

மாமி மறுபடியும் முதலாவதைப் போடச் சொன்னார். அவருடைய சொந்தக் குரல், நாற்பது வயதுக் குரல், கனமாக, ஒரு பிசிறும் இல்லாமல் அந்த அறையில் ஒலித்தது. அந்தக் குரல் இனி அவருக்கு இல்லை. இருந்த காலத்தில் அவர் காதில் அதை விழவிடாமல் செய்தது நான்.

"கச்சேரி முடிஞ்சு ஜனங்கள் வந்து, ரெகார்ட்ல கேட்டாப்ல இல்லையேன்னு சொல்லுவா. ஒவ்வொரு உற்சவத்திலயும் யாராவது ஒருத்தராவது சொல்லுவா. நான் தப்பு என் மேலதான்னு நெனச்சுண்டு ஆத்துக்கு வந்து சாதகம் பண்ணுவேன். முப்பது வருஷமா பண்ணினேன், தாணு."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் சொல்லிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாமி அழவில்லை. எனக்குக் காபி கொடுக்கவும் இல்லை. அந்த வீட்டுக்குப் போய்க் காபி குடிக்காமல் நான் திரும்பியது அன்று ஒரு நாள்தான். வாசல்வரை வந்தபோது ஒன்று சொன்னார்: எட்டையும் பாடுகிறேன், தொடக் கூடாது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். வக்காலத்து வாங்க வந்துவிட்டாயா என்று குதித்தார். இதைத் தொட்டால் சீசன் ஆல்பத்தை நான் தொட மாட்டேன் என்றேன். பதினொரு வருஷத்துத் தபலா எந்த டிஸ்கில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணாச்சிக்குக் கலை புரியாது, இது புரிந்தது.

எட்டுப் பாட்டையும் நான்கு நாள் காலை வேளைகளில் ரெகார்ட் செய்தோம். கணவரைப் பற்றிய பாட்டின் நடுவில் ரயில் ஹாரன் ஒன்று விழுந்துவிட்டது. திரும்பப் பாடலாமா என்றேன். இருந்துட்டுப் போறது என்றார் மாமி. விட்டுவிட்டேன்.

4. நிபுணர்கள்

ஆல்பம் இணையத்தில் மட்டும் வந்தது. ஒரு வாரத்தில் ரசிகர்கள் எழுத ஆரம்பித்தார்கள். இது கோமதி அம்மா இல்லை, ஏதோ மெஷின். அம்மாவின் நிஜக் குரலைத் தினமும் வீட்டில் கேட்கிறோம், எங்களுக்குத் தெரியாதா. ஏ.ஐ. வைத்து ஏமாற்றுகிறார்கள்.

அப்புறம் ஒருவர் வீடியோவே போட்டார். தாடியும் பெரிய மைக்குமாக உட்கார்ந்து, திரையில் வரைபடங்களைக் காட்டிக் காட்டி விளக்கினார். ஒரிஜினல் ஆல்பங்களில் சுருதி எவ்வளவு சுத்தமாக நிற்கிறது பாருங்கள், அதுதான் மனிதக் குரல் என்றார். அது நான் அமுக்கிய பட்டன். புதியதில் சுருதி ஆடுகிறது, இது மெஷின் செய்யும் பிழை என்றார். அது ஒரு மனுஷியின் தொண்டை. ரயில் ஹாரனையும் அவர் விடவில்லை. நம்ப வைப்பதற்காக மெஷின் சேர்த்த சத்தமாம். இத்தனை படிப்பையும் இத்தனை கருவியையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இவ்வளவு துல்லியமாகத் தலைகீழாக நிற்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வீடியோவின் அடியில் என் பெயரைப் போட்டு எழுதினேன். நாற்பது ஆல்பங்களில் குரலை மாற்றியவன் நான், மாற்றாதது இந்த ஒன்றுதான் என்றேன். ஒருவர்கூட என்னை நம்பவில்லை. கம்பெனி ஏற்பாடு செய்த ஆள் என்றார்கள். ஒருவர் என்னையே ஏ.ஐ. என்றார்.

நம்பியது அண்ணாச்சி மட்டும்தான். தொழில் ரகசியத்தை வெளியே கொட்டினேன் என்று மறுநாளே என்னை அனுப்பிவிட்டார். ரிட்டையர் ஆக ஏழு மாதம் பாக்கி இருந்தது. ஆல்பத்தையும் இணையத்திலிருந்து எடுக்கப் போனார். மாமியின் கணவர் விடவில்லை. செக்ரட்டேரியட்டில் முப்பது வருஷம் கோப்பு எழுதிய கை. பாட்டு எழுதியவர் அனுமதி இல்லாமல் எடுத்தால் என்னென்ன ஆகும் என்று மூன்று பக்கம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். அண்ணாச்சி முதல் பக்கத்திலேயே அடங்கிவிட்டார்.

மாமி வருஷாவருஷம் பாடும் உற்சவத்தில் கமிட்டிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பழைய ரெகார்டை ஓட விட வேண்டும், மாமி மேடையில் உட்கார்ந்து வாயசைத்தால் போதும். பக்தர்களை ஏமாற்றக் கூடாதாம். மாமி அவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து, வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு வஞ்சியூரில் ஒரு சின்ன ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எட்டுப் பாட்டையும் பாடினார். அறுபது நாற்காலி போட்டோம், இருபத்தைந்து பேர் வந்தார்கள். சவுண்ட் நான்தான். ஒரு மைக், தம்பூரா. கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றிய பாட்டு வந்தபோது தலையைக் குனியாமல் கேட்டார். முடிந்ததும் ஏழெட்டுப் பேர் மாமியிடம் வந்து பேசினார்கள். ரெகார்டில் கேட்ட மாதிரியே இருந்தது என்று ஒரு பெண்மணி சொன்னார். மாமி அவர் கையை வெகுநேரம் விடவில்லை.

5. ஒரு டெலிபோன்

போன மாதம் கொச்சியிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டார். அந்த எட்டுப் பாட்டை இப்போது விஷயம் தெரிந்தவர்கள் கொண்டாடுகிறார்கள் என்றார். துணிச்சலான மாற்றம், புதிய அழகியல் என்றெல்லாம் கட்டுரை வருகிறதாம். மெஷின் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது முதல் நாளிலிருந்தே ரசித்ததாகச் சொல்கிறார்களாம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அசட்டுக்கு வெட்கமும் கிடையாது, ஞாபகமும் கிடையாது.

அவர் கூப்பிட்டது அதற்காக அல்ல. அவருடைய பாடகி ஒருத்திக்கும் அதே போன்ற கரகரப்பு வேண்டுமாம்.

"சேட்டா, அது என்ன பிளக்-இன்?"

"தைராய்டு ஆபரேஷன்" என்றேன்.

மறுமுனையில் அவர் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, அதன் லேட்டஸ்ட் வெர்ஷன் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. குரலை மாற்றாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, சொன்னால் உங்களுக்கு வேலையும் இருக்காது. மாற்றுவதற்கு முன்னால் பாடியவரை உட்கார வைத்து, பாடியது பாடியபடி ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். அதைக் கேட்டுவிட்டு, மாற்று என்று அவர் சொன்னால் மாற்றுங்கள். இதற்குப் பாட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம்தான் ஆகும். எனக்கு அந்த ஐந்து நிமிஷம் முப்பது வருஷமாகக் கிடைக்கவில்லை.