சாயக் கொப்பரையில் வெந்த கை

ஐந்தாம் வகுப்பே தாண்டாத நான், ஆரணியில் சாயப்பட்டறை, பட்டுக்கடை, மாடி வீடு எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கினேன். எழுபது வயதில் புற்றுநோய்க்கு ஊசி போட்ட ஆஸ்பத்திரி, வீட்டிலிருந்தே பக்கவிளைவைச் சொல்ல என் போனில் ஏதோ ஒரு ஆப் ஏற்றித் தந்தது. “விரல் மரத்துப்போகிறதா?” என்று தினமும் கேட்கும். கோழைகளுக்கான கேள்வி என்று ‘இல்லை’யையே அழுத்தினேன்.

ஒருநாள் கொதிக்கும் சாயத்தில் கழியால் நூலைப் புரட்டும்போது கையும் உள்ளே இறங்கிவிட, மனைவி அலறினாள்: “இன்னாங்க, கை வெந்துகினு இருக்குது, தெரியலையா?” தெரியவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா போனில், “தினமும் இல்லைன்னுதானே அழுத்தினீங்க?” என்றாள்.

“பட்டு நூலு விரல்ல தெரியுதான்னு கேட்டியாம்மா? மரத்துப்போச்சா, கிரத்துப்போச்சான்னா எவன் சொல்லுவான்?”

டாக்டர் மருந்தைக் குறைத்தார், கை தப்பியது. இப்போது ஒற்றை நூலை விரலில் உருட்டிப் பார்த்த பிறகே பதில் அழுத்துகிறேன். இங்கே ஊசி போட்டுக்கொள்ளும் நெசவாளர்களிடம் ஆஸ்பத்திரியும் இப்போது ‘நூல் விரலில் தெரிகிறதா?’ என்றே கேட்கிறதாம். படித்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி அது. அதன் கீழே என் பெயரைப் போடட்டும்.