ஐந்து துளை, நான்கு போல்ட்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டாக்ஸிக்காரர் இரண்டு பிரேக் டிஸ்க்குகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு லேத் அக்காவின் பட்டறைக்கு வந்தார். அவருடைய வண்டிக்கு டிஸ்க் வருவது நின்று நாலு வருஷமாகிறது. பழைய இரும்புக் கடையில் வேறொரு காரின் டிஸ்க் அகப்பட்டது. அகலம், தடிமன் எல்லாம் அச்சு அசல் அதேதான். ஒன்று மட்டும் இடித்தது: அவர் வண்டியின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், இந்த டிஸ்க்கிலோ ஐந்து துளை.

"போற இடத்துல எல்லாம் வண்டியத் தலைமுழுகுன்றாங்க. ஒரு மெக்கானிக் மட்டும்தான் உங்களச் சொன்னார்க்கா."

"என்னன்னு?"

"பேசமாட்டாங்க, ஆனா வேலை சுத்தமா இருக்கும்னு."

அவள் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். "வியாழக்கிழமை வாங்க" என்றாள்.

பேசமாட்டாள் என்பது பாதிதான் உண்மை. இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய காலத்தில் அவள் வாய் ஓயாதவள்தான். ஆலையை மூடியபோது கழித்துப்போட்ட ஒரு லேத்தையும் துளை போடும் மெஷினையும் வாங்கி இந்தத் தகரக் கொட்டகையில் நிறுத்தினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா போன பிறகு பேச்சு எடுக்க ஆளில்லை. வேறு ஊரில் இருக்கும் அண்ணன் ஞாயிறுதோறும் கூப்பிடுவான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அண்ணி கேட்டதாச் சொன்னா." அதோடு சரி. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது.

முதலில் டிஸ்க்கின் மேல் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசினாள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடு காட்டும். காட்டவில்லை. துளைகள் அமைந்த போல்ட் வட்டம் இரண்டு வண்டிக்கும் ஒரே அளவு. ஆகையால் பழைய துளை ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து தொண்ணூறு தொண்ணூறு டிகிரியில் மூன்று புதுத் துளைகள் போட்டால் போதும். அவற்றில் இரண்டுதான் பழைய துளைகளை ஒட்டி வந்தன. கணக்குப் போட்டாள், நடுவே மூன்று மில்லிமீட்டர் இரும்பு மிஞ்சும். போல்ட் இறுகினால் டிஸ்க்கைச் சக்கரமும் அது மாட்டும் அச்சுத் தலையும் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தாங்கும். தாங்கும் என்று தெரிந்தும் அந்த மூன்று மில்லிமீட்டர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நடு ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்ததால், டிஸ்க் ஆடாமலிருக்க மெல்லிய வளையம் ஒன்றும் கடைந்து பொருத்தினாள்.

வியாழக்கிழமை டாக்ஸிக்காரர் எடுத்துப் போனார். "முதல்ல சமதரையில மெதுவா ஓட்டுங்க. ஆள ஏத்தாதீங்க" என்றாள்.

"நாளைக்கே வந்து சொல்றேன்கா."

வெள்ளி வரவில்லை. சனி வரவில்லை. பிரேக் சத்தம் கேட்டால் அவள் வாசலுக்கு வந்தாள். ஞாயிறன்று அண்ணனிடம் "ஒரு டிஸ்க் வேலை..." என்று ஆரம்பித்தாள், அங்கே யாரோ கதவைத் தட்ட, போனை வைத்துவிட்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது: இத்தனை வருஷத்தில் அவள் செய்து கொடுத்த எதுவும் நன்றாக ஓடுகிறது என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. உடைந்தது மட்டுமே திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் இந்த மௌனம் நல்லதற்கா, கெட்டதற்கா?

புதன்கிழமை மாலை பொறுக்கமாட்டாமல், கைகூடச் சரியாகக் கழுவாமல், ரயில் நிலையத்து டாக்ஸி வரிசைக்கு நடந்தாள். அவர் வண்டி மூன்றாவதாக நின்றது. அவர் இருக்கையைச் சாய்த்துப் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அட, அக்கா! சுத்தமா மறந்தே போயிட்டேன். பிரேக் நல்லாப் பிடிச்சா அது ஞாபகத்துக்கே வர்றதில்லையே!"

அவளுக்குக் கோபமும் நிம்மதியும் ஒரே நேரத்தில் வந்தன. "நான் உக்காந்து பார்க்கணும்" என்றாள்.

முன்னிருக்கையில் ஏறினாள். மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டி வண்டி சரிவில் இறங்கியது. அவர் பிரேக்கை அழுத்தியபோது அவள் காலும் தரையை அழுத்தியது. அதிர்வு இருக்கிறதா என்று உள்ளங்கையை முன்கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையில் வைத்துப் பார்த்தாள். துளியும் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வண்டி நின்றது.

"எப்படி?" என்றார் அவர், தானே செய்தது போல.

"இன்னொரு தரம் போகலாமா?"

"சந்தேகமாக்கா?"

"ஆமா" என்றாள். சந்தேகம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் தன் மகளின் பரீட்சையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவது நன்றாக இருந்தது. அவளும் பேசினாள். மூன்று மில்லிமீட்டர் கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் "ஓஹோ, ஓஹோ" என்று கேட்டுக்கொண்டார். மூன்று முறை பாலம் ஏறி இறங்கினார்கள்.

அவள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். "நேரமாயிடுச்சு. வீட்ல தேடுவாங்க, போங்கக்கா."

"ஆமா, தேடுவாங்க" என்று இறங்கினாள்.

வண்டி திரும்பிப் போகும்வரை நின்றாள். பிறகு பூட்டிக் கிடந்த வீட்டின் படியேறி, கைப்பைக்குள் சாவியைத் துழாவினாள்.