யோகாக்காவின் மேல் வீடு

செய்தி வந்தபோது நான் மொன்றியலுக்கு வெளியே புரோசார்ட்டில், வீட்டுக்குப் பக்கத்து டெப்பனர் கடையில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். தோழி பத்மா அழைத்தாள். "மாலா, யோகாக்கா போயிட்டாங்க" என்றாள். "எங்கே, லண்டனுக்கா?" என்று கேட்டேன். அவருடைய தம்பி லண்டனில் இருக்கிறார், ஒருதரம் அங்கே போய்வரப் போவதாக அக்கா சொல்லிக்கொண்டும் இருந்தார். பத்மா அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்று திங்கட்கிழமை. யோகேஸ்வரி என்ற யோகாக்கா அஹுன்ட்சிக்கில் உள்ள ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாளும் பிந்திப் போகாதவர். காலையில் அவரைக் காணவில்லை என்றதும் அங்கிருந்தவர்கள் பத்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்மா போய்ப் பார்த்தபோது அக்கா குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தார். இதயம் நின்று சனிக்கிழமையே உயிர் போய்விட்டதாக வைத்தியர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். பதில் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு என் சமையலைப் பார்க்கப் போனேன்.

மூவரும் பழகியது பிரெஞ்சு வகுப்பில். புதிதாக வந்த குடியேறிகளுக்கு நடத்துகிற வகுப்பு அது. நானும் யோகாக்காவும் யாழ்ப்பாணம், பத்மா திருச்சி. எந்த வாக்கியத்தில் 'நே' வந்தாலும் அதன் பொருள் 'இல்லை' என்று ஆசிரியை எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார். மற்ற இலக்கணமெல்லாம் யோகாக்காவிடம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது. அது எங்களை ஏதென்ஸில் தெருவில் நிறுத்தி வாட்டும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

ஏதென்ஸ் போனது அவருடைய யோசனைதான். இரண்டு கோடைக்கு முன்பு. "மூண்டு கிழவியளும் நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் சமைக்காமல் இருப்பம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் இறந்து அப்போது மூன்று வருடம், மகன் தொலைவில் கல்கரியில். சமைத்துக் கொடுக்க எனக்கு யாருமே இருக்கவில்லை. அதை அவர் அறியாமல் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். மலையில் இருக்கிற பழைய கோயிலைப் பார்க்க ஏறினோம். வெக்கை கூடிவிட்டது என்று மத்தியானத்தில் வாசலை மூடிவிட்டார்கள். பத்மாவுக்கு ஆத்திரம். "இவ்வளவு தூரம் வந்து கதவைப் பாத்துட்டுப் போறதா?" என்று முறைத்தாள். யோகாக்கா கைவிசிறியால் அவளுக்கு விசுக்கிக்கொண்டே, "எங்கட கோயில்லையும் மத்தியானம் நடை சாத்துறதுதானே. எந்த ஊர்ச் சாமிக்கும் ஒரு கண் நித்திரை வேணும்" என்றார்.

கோயில் இல்லையென்றால் கடல் என்று பஸ் தரிப்பிடத்துக்கு வந்தோம். நிழல் என்று சொல்ல ஒரு கம்பம்தான் இருந்தது. முதல் பஸ் வந்தது. யோகாக்கா படியில் ஒரு காலை வைத்து, ஆங்கிலத்தில் கடற்கரைக்குப் போகுமா என்று கேட்டார். சாரதி "நே, நே" என்றார். அக்கா "மெர்சி" சொல்லி இறங்கினார். "இது போகாதாம்." இரண்டாவது பஸ்ஸும் "நே." அதையும் அனுப்பினோம். மூன்றாவது சாரதி "நே" என்று சொல்லிவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார், கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். தரிப்பிடத்தில் நின்ற ஒரு மூதாட்டிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. நான்காவது பஸ் வந்ததும் யோகாக்காவின் கையைப் பிடித்து ஏற்றியே விட்டார். பத்மா போனில் தேடிப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். கிரேக்க மொழியில் 'நே' என்றால் 'ஆமாம்.' 'இல்லை' என்பதற்கு 'ஓஹி.'

"அப்ப மூண்டு பேர் ஓம் எண்டு சொல்ல நாங்கள்தான் இறங்கி நிண்டிருக்கிறம்" என்று யோகாக்கா சொன்னார். கடல் வரும்வரை மூன்று பேரும் சிரித்தோம். கணவர் போன பிறகு நான் வயிறு நோகச் சிரித்தது அன்றுதான்.

கரையில் பத்மா நேரே தண்ணீருக்குள் போய்விட்டாள். நானும் யோகாக்காவும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருடைய மாடி வீட்டில் கீழே அவர் தனியாக இருந்தார், மேலே வாடகைக்கு விட்டிருந்தார். அப்போதுதான் அவர் கேட்டார்.

"என்ர மேல் வீட்டு ஆக்கள் வாற மாதம் வெளிக்கிடுகினம். நீ வந்து இரன்."

நான் காலை மணலுக்குள் புதைத்தேன்.

"உனக்கு உன்ர கதவு, எனக்கு என்ர கதவு. நான் கூப்பிட்டால் உனக்குக் கேக்கும், நீ கூப்பிட்டால் எனக்குக் கேக்கும். வேற என்னடி வேணும் எங்களுக்கு?"

"பாப்பம் அக்கா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தச் சனங்களிட்டை நே கிடக்கு, ஓஹி கிடக்கு. எங்களிட்டைத்தான் 'பாப்பம்' எண்டு மூண்டாவது ஒண்டு கிடக்கு. இல்லை எண்டு சொல்ல வெக்கம் எண்டதுதான் அதின்ர அர்த்தம்."

"அப்பிடி இல்லை அக்கா. பனிக்காலத்தில அந்த வெளிப்படி வழுக்கும்…"

"வழுக்கும்தான். பனி உருக உப்புப் போடலாம்" என்றார். அதோடு பேச்சை விட்டுவிட்டார்.

படி ஒரு சாட்டு. அவர் கூப்பிட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால், தனியாக இருக்க என்னால் முடியவில்லை என்று ஊருக்கே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். முடியவில்லைதான். அதை யாரும் அறியக்கூடாது என்பதில் எனக்கு அப்படியொரு வீம்பு.

மொன்றியல் திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் அவர் கேட்கிற முதல் கேள்வி, "நேயோ, ஓஹியோ?" நான் "பாப்பம் அக்கா" என்பேன். சிரிப்போம். பிறகு கார்டெரிப் பிள்ளைகளின் கதை வரும். பருப்புச் சோற்றைப் பழக்கிவிட்டதில் பிள்ளைகள் தங்கள் வீடுகளிலும் அதையே கேட்கிறார்களாம், தாய்மார் வந்து செய்முறை எழுதிக்கொண்டு போகிறார்களாம். பனி விழத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த கிழமையும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வேறு யாரையோ குடிவைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். விசாரிக்கவில்லை.

இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்தில் அவருடைய தம்பி என்னைத் தேடி வந்தார். லண்டனிலிருந்து நேரே வந்திருந்தார். அக்காவின் அதே நெற்றி.

"நீங்கள்தானே மேல இருக்கிற மாலாக்கா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்கள் மேல வந்து இருக்கிறியள் எண்டு சொன்னாப் பிறகுதான் நாங்கள் நிம்மதியா இருந்தனாங்கள். அதுக்கு முந்தி, தனிய இருக்காதையுங்கோ, இஞ்ச வாங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை. காலமை நீங்கள் மேல நடக்கிற சத்தம் கேட்டுத்தான் தான் எழும்புறது எண்டு சொல்லுவா."

பக்கத்தில் நின்ற பத்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் "ஓம்" என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் வீட்டில நிக்கேல்லைப் போல."

"மகனிட்டைப் போயிருந்தனான்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அக்காவின் பொய்யைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அக்கா கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு 'இல்லை' என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பத்மா அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "ஏன் மாலா அப்படிச் சொன்னே?" நான் மெட்ரோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

வீட்டை விற்பதற்காக அடுத்த மாதம் தம்பி திரும்பவும் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். மேல் வீட்டைத் திறப்பார். பத்மா விசாரித்து அறிந்தாள்: அக்கா அந்த வீட்டில் யாரையும் குடிவைக்கவில்லை. இரண்டு வருடமாக அது வெறுமையாகவே கிடந்திருக்கிறது.

ஆகவே யோகாக்காவை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் அவருடைய தம்பிக்கு இதை எழுதிச் சொல்கிறேன். நான் மேல் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. அக்கா கேட்டார், நான் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் மகனிடமும் போகவில்லை. புரோசார்ட்டில் என் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், தம்பி.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, அவர் உங்களுக்குச் சொன்ன அந்த இரண்டு வருடக் கதைதான். அதில் நான் அவரோடு இருந்திருக்கிறேன், காலையில் எழுந்து நடந்திருக்கிறேன், அவரை எழுப்பியிருக்கிறேன். அந்தக் கதையில் நான் வேறு என்னென்ன செய்தேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கோபம் ஆறிய பிறகு ஒரு நாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, அதையெல்லாம் சொல்லுங்கள்.