மிச்சம் இருந்த ஒரு டேங்க்

எங்கள் வீட்டுப் பரணில் முழங்கை நீளத்தில் ஒரு கார் இருக்கிறது. ரிமோட்டில் ஓடுவது. பேட்டரி கார் இல்லை, உள்ளே உண்மையான இன்ஜின், எண்ணெய் ஊற்றினால்தான் ஓடும். காய்ச்சல் என்று படுத்த அண்ணன் இறந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று அதைக் கீழே இறக்கி முகர்ந்து பார்த்தேன். அந்த எண்ணெய் வாசனை இன்னும் லேசாக இருக்கிறது.

இந்தக் கார் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதினெட்டு, செங்கம் ரோட்டில் பைக் மெக்கானிக் கடையில் வேலை. அம்மா ரமணாசிரமம் பக்கம் வாடகை அறைகளைப் பெருக்கித் துடைப்பாள். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, ஒரு தடவைகூட ஓட்டாத இந்தக் காரை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். கூடவே அரை லிட்டர் எண்ணெய். அதை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம். அது பெட்ரோல் இல்லை, எங்கள் ஊரில் எங்குமே கிடைக்காது. ஏழு தடவை டேங்கை ரொப்பலாம் என்று அண்ணன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துச் சொன்னான்.

"மொத அஞ்சு டேங்க் மெதுவாத்தான் ஓட்டணும் பாப்பா. புது இன்ஜின், செட் ஆவணும். அப்பறம் ஆளுக்கு ஒரு டேங்க், பறக்க விடலாம்."

அடி அண்ணாமலை தாண்டி மனை போட்ட இடம் ஒன்று உண்டு. வீடு ஒன்றும் வரவில்லை, தார் ரோடு மட்டும் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டேங்க். அண்ணன் பிளக்கைச் சூடாக்கி, இன்ஜினைக் கிளப்பக் கயிற்றை இழுப்பான். கொசு மருந்து வண்டி போலப் புகை விட்டுக்கொண்டு கார் நகரும். பின்னால் நாங்கள் நடந்தே போவோம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போவார்.

"இன்னாப்பா, என் ஆட்டுக்குட்டியே இதவிட ஜாஸ்தி வேகம் போவுதே."

அண்ணன் சிரிப்பான். எனக்கு அவமானமாக இருக்கும்.

"நீயே ஓட்டிகினு இருக்கியே, நான் எப்ப ஓட்டறது?"

"இது ஓட்டறது இல்ல, பழக்கறது. வாய மூடிகினு வா."

ஐந்து ஞாயிறு இப்படியே போனது. ஆறாவதும் நகர்ந்துதான் போகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணமும் நானே கண்டுபிடித்தேன். எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் கோயில் வாசலில் நிறுத்தி, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிய பிறகுதான் ஓட்டுவார்கள். இந்தக் காருக்கு யாரும் பூஜை போடவே இல்லை.

ஆறாவது ஞாயிறு, சாமி மாடத்திலிருந்து கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துப்போனேன். அண்ணன் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிளக்கைச் சூடாக்கும் கருவியை எடுக்க, நாங்கள் வந்த பைக் பக்கம் போனான். நான் காருக்கு முன்னால், பாட்டிலுக்குப் பக்கத்திலேயே கற்பூரத்தை ஏற்றினேன்.

ஓடிவந்தவன் என்னை ஒரு கையால் இழுத்துத் தள்ளிவிட்டுக் கற்பூரத்தை உதைத்தான். அது தூரப் போய் விழுந்தது. அவன் குதிகால் பட்டு பாட்டிலும் சாய்ந்தது. நிமிர்த்துவதற்குள் பாதி தாரில் ஓடிவிட்டது.

அடிக்கப் போகிறான் என்று நின்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கனா எரியுதா? சொல்லுடி, எரியுதா?"

"இல்லண்ணா."

"இந்த எண்ணெய் எரிஞ்சா தீ கண்ணுக்கே தெரியாது, லூசு."

கொஞ்ச நேரம் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு மிச்சத்தை ஊற்றினான். சரியாக ஒரு டேங்க். கயிற்றை இழுத்து, ரிமோட்டை என் கையில் வைத்தான்.

"அமுக்கு."

கார் கத்திக்கொண்டு பறந்தது. ஆட்டுக்காரர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அண்ணன் என் பக்கத்தில் குதித்துக்கொண்டே, "இன்னும் அமுக்கு, இன்னும்" என்றான். நடுவில் ஒரு தடவை அவன் கை ரிமோட் பக்கம் வந்தது. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். பத்து நிமிடம்கூட இருக்காது, எண்ணெய் தீர்ந்து நின்றுவிட்டது.

பைக்கில் திரும்பும்போது அவன் முதுகில் சாய்ந்து கேட்டேன்.

"நான் பூஜை போட்டதாலதானே வேகமா போச்சு?"

"பின்ன?" என்றான்.

வேறு எண்ணெய் சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வான். வரவழைக்கவில்லை. அன்று ரிமோட் பக்கம் வந்த அந்தக் கை பிடுங்க வந்தது என்றுதான் நினைத்தேன். ஐந்து ஞாயிறு நடந்தே பழக்கியவனுக்கு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும், என் பூஜையால்தான் கார் பறந்தது, அண்ணனே சொன்னான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.